மேற்கு ஜன்னல் படலம்

டி-ஸ்கொயரை வில்லாகவும் பென்சிலைக் கணையாகவும் தாங்கிய திருத்தோளன், போடிநாயக்கனூரில் வீட்டு பிளான் வரையும் வித்தகன், வெயிலையும் காற்றையும் வேலைக்கமர்த்தப் பிறந்த வேந்தன், மாயக்காள் மணாளன் ராஜாராம் வாழ்க!

எண்பத்தாறாம் ஆண்டுத் தை மாதத்தில் அவ்வேந்தன் மதுரைக்குப் பஸ்சேறி, ஒரு கல்லூரியின் குளிரூட்டிய கருவறையில் வீற்றிருந்த கம்ப்யூட்டரைத் தரிசித்து, ஓராண்டு வெயிலையும் காற்றையும் அதன் வயிற்றுக்குப் படைத்து, எந்தச் சுவரில் எத்தனை அடி ஜன்னல் வைத்தால் மின்விசிறி வேண்டாது வீடு மரஞ்செடிபோல் தானே மூச்சுவிடும் என்னும் அருள்வாக்கை, இருபுறமும் துளையிட்ட பதினெட்டு முழக் காகிதமாகப் பெற்று மீண்டான். சமையலறைக்கு மேற்கே ஆறடி ஜன்னல் என்றது வாக்கு. அவ்வாறே கட்டினான் தன் வீட்டை.

ஆடி பிறந்தது. அதுபோன்ற வீடு தமக்கும் ஆகுமா என்று பார்க்க ஏலக்காய் வியாபாரி ஜக்கையன் வந்தார். அவர் சரியென்றால் ஊரே பின்னால் வரும். உதட்டைப் பிதுக்கினால் பதினெட்டு முழமும் பஸ் ஸ்டாண்டுச் சிரிப்பாகும்.

விருந்தினர் நாற்காலியில் அமர்ந்த அக்கணமே, போடிமெட்டுக் கணவாயினின்று பிரேக் அறுந்த ஜீப்புப் பட்டாளமெனத் தறிகெட்டிறங்கிய காற்று, ஆறடிக் கோட்டைவாயில் கண்டு ஆர்ப்பரித்துப் புகுந்து, காப்பிக்கு மூட்டிய மண்ணெண்ணெய் ஸ்டவ்வை ஒரே மூச்சில் வீழ்த்தியது. மாயக்காள் தீக்குச்சிப் படையை ஏவினாள். முதல் வீரன் உரசிய இடத்திலேயே மாண்டான். எட்டாமவன் திரியைத் தொட்டு மாண்டான்.

"ஏங்க, வெரசா ஜன்னலைச் சாத்துங்க!"

எழுந்தான் வேந்தன், முழங்கினான்: "சாத்தக் கூடாது புள்ள! கம்ப்யூட்டர் கணக்குப்படி இது தென்றல்!"

அத்தென்றல் சீனி டப்பா மூடியைப் பரணுக்கு அனுப்பிவிட்டு, காலண்டரில் ஒரு வாரத்தைக் கிழித்தெறிந்தது.

"எந்த ஊருக் காத்த அதுக்குக் குடுத்தீங்க?"

"போடிக்கு ரிக்கார்டு இல்லன்னாங்க. மதுரைக் காத்தக் குடுத்தேன்."

"அப்ப ஜன்னலை மதுரையில வச்சிருக்கணும். இங்கிட்டு எதுக்கு வச்சீங்க?"

ஜக்கையன் செருமினார். அச்செருமல் நாயகன் நெஞ்சில் ஆயிரம் முரசென அதிர்ந்தது.

எஞ்சியது ஒற்றைக் குச்சி. மாயக்காள் அருள்வாக்கை மடிப்புக் கலையாது எடுத்து வந்து, நிறைகுடங்கள் இரண்டினிடையே செருகி, ஸ்டவ்வுக்கு மேற்கே மதிலென நிறுத்திக் குச்சியைக் கிழித்தாள். சுடர் தள்ளாடிற்று, தலை சாய்ந்தது, பின் நிமிர்ந்து நின்றது. ஓராண்டுக் காற்றைக் கணித்த காகிதம் அன்றுதான் முதன்முறையாக ஒரு காற்றைத் தடுத்தது.

காப்பி வந்தது. பறக்கும் வேட்டியைத் தொடையிடுக்கில் செருகிக்கொண்டு கடைசிச் சொட்டுவரை குடித்த ஜக்கையன், தம்ளரைக் கீழே வைத்துத் தீர்ப்புரைத்தார்:

"வீடு காத்தோட்டமாத்தான் இருக்கு, இஞ்சினியரே. நம்ம வீட்டுக்கும் நீங்களே பிளான் போடுங்க. ஜன்னல் எந்தப் பக்கம்னு மட்டும் காப்பி போட்ட ஆத்தாகிட்டக் கேட்டுக்கிறேன்."

வென்றதா தோற்றதா என்று விண்ணவரும் விளங்காது விழிக்க, ஏலமலைச் சிகரங்கள் எட்டிப்பார்க்க, வெற்றிக் களிப்பில் காற்று கொக்கரிக்க, கணக்கில் பிழையறியாக் காவலன் இருக்கை துறந்தான், மார்பு நிமிர்த்தினான், மேற்றிசை நோக்கி நடந்தான்.

ஜன்னலைச் சாத்தினான்.