வேழமுத்து காட்டிய ஊற்று

ஒரு காட்டில் (பெயர் நாக்கு நுனியிலேயே நிற்கிறது, வந்ததும் சொல்கிறேன்) வேழமுத்து என்றொரு யானை இருந்தது. யானைக்கு மறதியே கிடையாது என்று அந்தக் காடு முழுக்க நம்பியது. பரீட்சைக்குப் போகும் குட்டிகளெல்லாம் அதன் முன்னால் தோப்புக்கரணம் போட்டுவிட்டுத்தான் போகும். அப்போதுதான் படித்தது மூளையில் ஒட்டுமாம். நரி நல்லப்பன் நடத்திய நினைவாற்றல் பயிற்சி மையத்தின் போர்டில்கூட வேழமுத்துவின் படம்தான்.

உண்மை என்னவென்றால், வேழமுத்துவுக்குக் காலையில் தின்றது மத்தியானம் நினைவிருக்காது. வல்லாரைக் கீரை தின்றால் சரியாகும் என்று கேள்விப்பட்டது. வல்லாரை எந்த ஓடையோரம் முளைக்கும் என்பது மறந்துபோனது. சரி, தானே தோப்புக்கரணம் போட்டுப் பார்க்கலாமென்றால், இருப்பது ஒரே தும்பிக்கை. இரண்டு காதை எப்படிப் பிடிப்பது? இவ்வளவு பெரிய தலையைக் கடவுள் காது மாட்டத்தான் கொடுத்தார் போலிருக்கிறது என்று தன்னைத்தானே திட்டிக்கொள்ளும்.

அந்த வருடம் மழை பொய்த்தது. குளம் வற்றியது. புள்ளிமான் மருக்கொழுந்து தன் குட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றது. குட்டிக்கு நாக்கு வறண்டு கால் தள்ளாடியது.

"அண்ணே, போன பஞ்சத்துல நீங்கதானே ஊத்து இருக்கிற இடத்தைக் காட்டுனீங்க? எங்கேன்னு சொல்லுங்க, புள்ள தாங்காது."

வேழமுத்து குட்டியைத் தும்பிக்கையால் தடவிக்கொடுத்தது. "சத்தியமா எனக்கு ஞாபகம் இல்லம்மா."

கூடியிருந்த விலங்குகள் விழுந்து விழுந்து சிரித்தன. "எவ்வளவு அடக்கம் பாரு!" என்றது காட்டுப்பன்றி.

நல்லப்பன் அவசரமாக ஒரு பாறைமேல் ஏறி யானையின் காதில் கிசுகிசுத்தது. "என் பொழப்புல மண்ணைப் போட்டுறாதீங்கண்ணே. ஞாபகம்னா என்ன, பரண்ல வச்ச பாத்திரமா, அப்படியே எடுக்க? மூளை ஒவ்வொரு தடவையும் புதுசாத்தான் சமைக்குது. நீங்க அடுப்பை மட்டும் பத்த வையுங்க."

வேழமுத்து கண்ணை இறுக மூடிக்கொண்டு தும்பிக்கையை நீட்டியது. நீட்டிய பக்கம் ஒரு புங்கமரம் நின்றது. எல்லாம் ஓடிப்போய் அதனடியில் தோண்டின.

"இங்கேதான், நானே குடிச்சிருக்கேன்" என்றது காட்டுப்பன்றி. போன பஞ்சத்தின்போது அது பிறக்கவே இல்லை.

"தண்ணி இளநீ மாதிரி இருக்கும்" என்றது முயல்.

"ஓரத்துல ஒரு வெள்ளைக் கல்லு கிடக்குமே!" என்றது முள்ளம்பன்றி.

ஆள் உயரம் தோண்டியும் ஈரமில்லை. "ஊத்துதான் இடம் மாறிப் போயிருக்கு, அண்ணன் தப்பா சொல்வாரா?" என்று இன்னும் ஆழமாகத் தோண்டின. மான்குட்டி குழியோரம் சுருண்டு படுத்துவிட்டது. அதைப் பார்க்கப் பார்க்க வேழமுத்துவுக்கு அழுகை முட்டியது. மானம் போனால் போகட்டும், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தது.

அந்த நேரம் பார்த்து வானம் இடித்தது. மழை கொட்டித் தீர்த்தது. குழி நிரம்பியது. மான்குட்டி கழுத்தை நீட்டிக் குடித்தது, மெல்ல எழுந்து நின்றது. மருக்கொழுந்து அழுதுகொண்டே முதல் தோப்புக்கரணம் போட, மற்றவையும் சேற்றிலேயே போட ஆரம்பித்தன.

வேழமுத்துவும் ஒரு வாய் உறிஞ்சிப் பார்த்தது.

"ஆமா, அன்னைக்கும் இதே ருசிதான்" என்றது. அது பொய் சொல்லவில்லை. அந்த வெள்ளைக் கல்கூட அதற்கு இப்போது நன்றாக நினைவிருந்தது.

நீதி: மழை வரும்வரை தோண்ட ஆள் இருந்தால், யாருக்கும் ஞாபகசக்தி குறைவில்லை.