எதிர் ஃபிளாட்டுத் தட்டு

அபுதாபி,
வெள்ளிக்கிழமை

மதிப்பிற்குரிய மச்சான் பாண்டித்துரை அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிய அம்மையப்பன் வணக்கத்தோடு எழுதுவது. அங்கே வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க முருகன் துணை. இங்கே நாங்களும் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் பானுமதிக்குப் பாம்புச் செவி. அதனால்தான் ஊருக்கு வரும் தியாகுவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். உங்கள் புது வீட்டில் பால் காய்ச்ச வரமாட்டேன் என்கிறாள் உங்கள் தங்கை. நான் தடுப்பதாக நினைத்துவிடாதீர்கள், சத்தியமாக இல்லை. தடுப்பது ஒரு தட்டு. நோன்பு மாதத்தில் எதிர் ஃபிளாட் ஜோர்டான் அம்மா, முஆத் என்ற பையனின் தாயார், ஒரு பெரிய தட்டு நிறைய ஆட்டுக்கறிச் சோறு கொடுத்தனுப்பினார். சாப்பிட்டோமா, கழுவிக் கொடுத்தோமா என்று இருக்க வேண்டியதுதானே? "வெறுந்தட்டையா கொடுக்கிறது? நம்மள என்ன நினைப்பாங்க?" என்று இவள் அதிரசம் சுட்டு அடுக்கிக் கொடுத்தாள். அங்கேதான் மச்சான் வினையே! அவர்கள் ஊரிலும் வெறுந்தட்டைத் திருப்பக் கூடாதாம். அதே தட்டில் பேரீச்சம்பழப் பலகாரம் வந்தது, இங்கிருந்து மெதுவடை போனது, அங்கிருந்து அல்வா மாதிரி ஒன்று வந்தது, இவள் முறுக்குப் பிழிய உட்கார்ந்தாள். நோன்பு முடிந்து பெருநாளும் போயாச்சு, தட்டு மட்டும் நிற்கவே இல்லை. ரெண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது, ஆனால் போட்டி மட்டும் நன்றாகப் புரிகிறது.

எனக்குச் சுகர் ஏறி டாக்டர் திட்டுகிறார். மிச்சத்தை நான் வேலை பார்க்கும் முசஃபா ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய்க் கொண்டுபோய், இப்போது ஒருநாள் வெறுங்கையோடு போனால் வெல்டர்கள் "பாய், ஆஜ் மிட்டாய் மாஃபி?", இன்றைக்கு மிட்டாய் இல்லையா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். ரோஷம் வந்தாவது அந்த அம்மா நிறுத்தட்டும் என்று ஒருமுறை கடை பிஸ்கட்டைக் கொட்டிக் கொடுத்துப் பார்த்தேன். பானுமதிக்கு உடம்புக்கு ஏதோ வந்துவிட்டது என்று பதறி, கோழி சூப்பும் சேர்த்து அனுப்பிவிட்டார். நம்ம ஹர்ஷினியோ, "அப்பா, இட்ஸ் ஜஸ்ட் எ பிளேட்" என்கிறாள். சொல்ல மாட்டாளா, மாவாட்டுவது அவளா?

டிக்கெட் போடவா என்று கேட்டால் உங்கள் தங்கை, "தட்டு நம்ம கையில இருக்கும்போது எப்படிங்க ஊருக்குப் போறது? திருப்பிக் கொடுத்தா மறுநாளே நிறைஞ்சு வந்துரும். அதை இங்க காயப் போட்டுட்டு நான் அங்க பால் காய்ச்சவா?" என்கிறாள். எனக்கு அழுகையே வருகிறது மச்சான். கூடப் பிறந்தவள் வராமல் நீங்கள் பால் காய்ச்சினால் ஊர் என்னைத்தானே ஏசும்? நீங்கள் மூத்தவர். "கழுவி வெறுமனே கொடுத்துட்டு ப்ளேன் ஏறு" என்று ஒரு அதட்டுப் போடுங்கள். உங்கள் கால் என்று நினைத்து இந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

புது வீட்டில் சகல ஐசுவரியமும் பெருக வேண்டிக்கொள்ளும்,
அம்மையப்பன்

பி.கு.: உறையை ஒட்டும்போது அந்த அம்மாவே வந்துவிட்டார். ஹர்ஷினி எல்லாவற்றையும் இங்கிலீஷில் போட்டு உடைத்துவிட்டாள். அவர் விழுந்து விழுந்து சிரித்து, தட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், கலாஸ், இத்தோடு முடிந்தது என்று பானுமதியைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார். இவளும் பரணிலிருந்து பெட்டியை இறக்கிவிட்டாள். ஆனால் மச்சான், ஒருத்தர் தட்டையே தூக்கிக் கொடுக்க, சும்மா வாங்கி வைத்துக்கொள்கிற குடும்பமா நம்ம குடும்பம்? லிஃப்டில் அவர் வீட்டுக்காரர் முகத்தில் எப்படி முழிப்பேன்? கும்பகோணத்திலிருந்து ஒரு பித்தளைத் தாம்பாளம் வரவழைக்கச் சொல்லியிருக்கிறேன். அதை நிறைத்துக் கொடுக்காமல் உங்கள் தங்கையை நான் அனுப்புவதாக இல்லை. பால் காய்ச்சுவதை அடுத்த முகூர்த்தத்துக்குத் தள்ளிவையுங்கள்.