இரண்டு பந்தும் ஒரு முடிச்சும்

‘எனக்குத் தெரியாது’ என்று நான் வாழ்க்கையில் முதன்முதலாகச் சொன்னது இருபத்தொன்பதாவது வயதில். அதுவும் வலது கட்டைவிரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கிய பிறகு.

என் கல்யாணத்துக்கு நான்கு நாள் இருந்தது. முகூர்த்தச் சேலையைக் கொடுக்க அக்காவும் நானும் மல்லசமுத்திரத்திலிருந்து சூரமங்கலம் போயிருந்தோம். பெண் கவிதா, அந்த நேரத்திலும் ரயில்வே குடியிருப்பு மைதானத்தில் பிள்ளைகளுக்கு வாலிபால் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கல்லூரி அணிக்கு ஆடியவள். (நான் ஆடியது கேரம். அதிலும் சிவப்புக் காயை ஒருதரம்கூடப் போட்டதில்லை.)

ஏதாவது பேச வேண்டுமே என்று, அவள் கையிலிருந்த வெள்ளைப் பந்தையும் ஓரமாகக் கிடந்த பாஸ்கெட்பாலையும் காட்டி, “ரெண்டும் ஒரே பந்துதானுங்க, பெயின்ட்டுதான் வேற” என்றேன்.

“இல்லைங்க. இது கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல. அது இதைவிட ரெண்டு பங்குக்கு மேல கனம்.”

“நான் லாரி ஸ்பேர் கடைக்காரனுங்க. பேரிங்கைத் தூக்கிப் பாத்தே எடை சொல்லுவேன்.”

“அப்பத் தூக்கிப் பாருங்க.”

தூக்கினேன். கனம்தான். அங்கேயே வாயை மூடியிருக்கலாம். ஆனால் பன்னிரண்டு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கனமா இருந்தா என்னங்க? இதுலயும் வாலிபால் ஆடலாம்” என்று ஓங்கி சர்வீஸ் அடித்தேன். பந்து வலைக்குப் பாதி தூரத்தில் படுத்துக்கொண்டது. உள்ளங்கை சிவந்தது. இன்னொன்று அடித்தேன். அது பாதியைக்கூட எட்டவில்லை.

மரநிழலிலிருந்து அக்கா சொன்னாள்: “டேய், சேலையக் குடுத்தமா, காப்பி குடிச்சமான்னு வந்து சேருடா.”

நான் விடவில்லை. “நீங்க அந்தப் பக்கமிருந்து தூக்கிப் போடுங்க, விரல்லயே ஏந்தித் திருப்பிக் காட்டறேன்.”

“வேண்டாங்க. வாலிபால் விரல்ல பூவாட்டம் உக்காரும். இது கல்லாட்டம் எறங்கும்.”

“போடுங்க.”

போட்டாள். இறங்கியது.

டாக்டர் கட்டைவிரலை நிமிர்த்தி வைத்துக் கட்டுப்போட்டார். “மூணு வாரம் மடக்கக் கூடாது. எப்படி அடிபட்டுது?”

பக்கத்தில் கவிதா நின்றாள். “எனக்குத் தெரியாதுங்க” என்றேன்.

கல்யாணத்தன்று, நான் எல்லோருக்கும் ‘சூப்பர்’ காட்டுவதாகச் சொந்தக்காரர்கள் நினைத்துத் திருப்பிக் காட்டினார்கள். “மாப்ள, வெரலக் கொஞ்சம் எறக்குங்க” என்றார் போட்டோக்காரர். “எறங்காதுங்க” என்றேன்.

எங்கள் வழக்கப்படி தாலிக்கு மூன்று முடிச்சில் முதல் இரண்டும் மாப்பிள்ளை போடுவது, மூன்றாவதுதான் நாத்தனார். இரண்டையும் நானே போடுவதென்று உறுதியாக நின்றேன். தவில்காரருக்குக் கை ஓயும் நேரத்தில் ஒன்று விழுந்தது. “நவுருடா” என்று தள்ளிவிட்டு மீதி இரண்டையும் அக்கா போட்டாள்.

இன்றைக்கும் வீட்டில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் கவிதா அலட்டிக்கொள்வதில்லை. “ஏனுங்க, ஒத்தை முடிச்சுக்கு இவ்வளவு பேச்சா? ரெண்டு முடிச்சுப் போட்டவங்க வரட்டும், அவங்களக் கேட்டுக்கறேன்.”

அக்காவும் தவறாமல் வந்து தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போகிறாள். இதுவரை ஒன்றுகூட என் பக்கம் வந்ததில்லை.