பிள்ளையாருக்கு முன்னுரிமை ஆயிரம்

திவாகரன் மண்டபத்தைத் தட்டினான். பிள்ளையார் வந்தார்.

பலகாரத்தைத் தட்டினான். பிள்ளையார் வந்தார். மாலையைத் தட்டினான். அதே பிள்ளையார், அதே மோதகம், அதே சாந்தமான பார்வை.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையை எல்லாரும் கேட்டிருக்கிறோம். எதைப் பிடித்தாலும் பிள்ளையாராய் முடிந்த கதை, கண்டி பேராதனை வீதியில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில், ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு நடந்தது.

பத்து நாற்பத்திரண்டுக்குச் சுபநேரம். அந்த நிமிடத்தில் வாடிக்கையாளர் ராஜலிங்கம் முதலாளி குத்துவிளக்கேற்றி, கணினியில் ஒரு தட்டுத் தட்டித் தம் இணையத்தளத்தைத் திறந்துவைப்பதாக ஏற்பாடு. எல்லாம் ஒழுங்காக நடந்தால், ஆறு மாதமாகத் தற்காலிகமாக இருக்கும் திவாகரனுக்கு வேலை நிரந்தரம். அதற்கான கடிதம் அடித்து முடிந்து, கையெழுத்து மட்டும் இல்லாமல், மத்தியூ சேருடைய மேசை லாச்சிக்குள் கிடந்தது. தெல்தோட்டையிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவனுக்கு அந்த லாச்சியைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மத்தியூ சேர் மாதா படத்துக்குக் கீழே உட்கார்ந்து மென்பொருள் கம்பெனி நடத்துகிறவர். குத்துவிளக்கு அவரிடம் ஏது? யாரிடமோ இரவல் வாங்கப் போயிருந்தார். ஆபீஸில் மிச்சம் இருந்தது இரண்டே பேர்: திவாகரனும், ஃபோன் எடுக்கிற பியட்றிஸ் அக்காவும்.

முதலாளியின் கவலை வேறு. கடுகண்ணாவையில் கோடி கொட்டி ஒரு கல்யாண மண்டபம் கட்டியிருந்தார். முதல் கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை ஆளைக் காணோம். அன்றிலிருந்து 'ராசியில்லாத மண்டபம்' என்று பெயர் விழுந்துவிட்டது. எட்டு மாதமாக அங்கே வௌவாலைத் தவிர ஒருவரும் குடும்பம் நடத்தவில்லை. இணையத்தளம் வந்தாலாவது யாராவது எட்டிப் பார்ப்பார்கள் என்பது அவருடைய நம்பிக்கை.

பொறுமை என்பது அவருக்குக் கிடையாது. முந்தின நாளே இணைய முகவரியை வாட்ஸ்அப்பில் கண்டி முழுக்க அனுப்பிவிட்டார். மண்டபத்துக்கு இன்னும் ஃபோன் இணைப்பு வராததால் கம்பெனி இலக்கத்தையே போட்டிருந்தார்கள். புக்கிங் கேட்டு வந்தால் பியட்றிஸ் அக்கா கொப்பியில் எழுதிவைக்க வேண்டும்.

"பிள்ளையார்தான் முதல்ல, தம்பி. அவருக்கு முன்னால ஒண்ணும் வரக்கூடாது" என்றும் முதலாளி சொல்லியிருந்தார். வினையே அங்கேதான் ஆரம்பம்.

மண்டபம், மாலை, பலகாரம், பிள்ளையார் என்று நான்கு சின்ன மென்பொருள்கள், கன்டெய்னர் எனும் நான்கு பெட்டிகளுக்குள் தனித்தனியாக ஓடின. முன்னால் ஒரு வாசல். குட்ஷெட் பஸ் நிலையத்து டைம் கீப்பரைப் போல, வருகிறவர் கையிலுள்ள முகவரியைப் பார்த்து 'நீ அங்கே போ, நீ இங்கே போ' என்று அனுப்புவது அதன் வேலை. யாரை எங்கே அனுப்புவது என்று வரி வரியாக எழுதி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு முன்னுரிமை எண் கொடுக்க வேண்டும். பெரிய எண்ணுள்ள வரியை வாசல் முதலில் பார்க்கும்.

திவாகரன் பக்தியோடு பிள்ளையாருக்கு ஆயிரம் கொடுத்திருந்தான். அவருடைய முகவரியோ வெறும் சாய்கோடு. உலகத்தில் எந்தப் பக்கத்தின் முகவரியும் அந்தச் சாய்கோட்டில்தான் தொடங்கும். ஆகவே வந்தவர் எல்லாரையும் வாசல் பிள்ளையாரிடமே அனுப்பியது. சொன்னதைச் செய்த வாசலைக் குறை சொல்லி என்ன பயன்?

ஃபோன் அடித்தது. பியட்றிஸ் அக்கா எடுத்துப் பேசிவிட்டுத் திரும்பினார்.

"தம்பி, மண்டபம் பாக்கப் போனா பிள்ளையார் வாறாராம். அதுக்கு அந்த அம்மா என்ன சொல்றாங்கன்னா..."

"தெரியும் அக்கா. ஒரு மணித்தியாலத்துல சரியாயிரும்னு சொல்லுங்க."

"இல்ல தம்பி, அவங்க..."

"ஒரு மணித்தியாலம் அக்கா."

அக்கா வாயை மூடிக்கொண்டு கொப்பியைத் திறந்தார்.

மனதுக்குள் மூன்று தோப்புக்கரணம் போட்டுவிட்டு, திவாகரன் ஆயிரத்தை ஒன்றாக்கினான். கையோடு மற்ற மூன்று வரிகளையும் புதிதாக எழுதினான். புதிதாக என்றால், மாலை வரியைப் பிரதி எடுத்து மண்டபத்துக்கும் ஒட்டினான். முகவரியை மாற்றினான், போய்ச் சேரும் இடத்தை மாற்ற மறந்துபோனான்.

மண்டபத்தைத் தட்டினான். ஆளுயர ரோஜா மாலை வந்தது.

ஃபோன் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது.

"தம்பி, இப்ப மண்டபத்தைத் தட்டினா மாலை வருதாம். அதுக்கு அவங்க..."

"அக்கா, தயவு செஞ்சு. ஒரு மணித்தியாலத்துல சரியாயிரும்."

ஆனால் அவனுக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துவிட்டது. ஆயிரத்தில் இருந்தவரை ஒன்றுக்கு இறக்கினால் சும்மா விடுவாரா? இது அவர் கோபம்தான் என்று முடிவு கட்டினான். படித்தவன்தான். இருந்தாலும் லாச்சிக்குள் கடிதம் கிடக்கும்போது படிப்பு எந்த மூலைக்கு? பழைய வரிகளை அவசர அவசரமாகத் திரும்பப் போட்டு, பிள்ளையாரை மறுபடி ஆயிரத்தில் ஏற்றினான். போட்ட அவசரத்தில், இந்த வரி எந்த இணையத்தளத்துக்கு உரியது என்று சொல்லும் பகுதி விடுபட்டுப் போனது.

அதே வாசலால் கம்பெனியின் இன்னும் பதினொரு வாடிக்கையாளரின் தளங்களுக்கும் ஆட்கள் போய்வந்தார்கள். இரண்டு நிமிடத்தில் அவனுடைய கைபேசி அடித்தது. மடவளையில் பெயின்ட் கடை வைத்திருக்கும் இப்திகார் நானா.

"என்ன தம்பி, எங்கட கடை சைட்டுல பிள்ளையார் ஈக்கிறாரு?"

திவாகரன் கதிரையை விட்டு எழுந்துவிட்டான். "நானா, மன்னிச்சுக்கங்க. இப்பவே..."

"கோவிக்க ஒண்டும் இல்ல. நம்மட கஸ்டமர்ல பாதிப் பேர் உங்கட ஆக்கள்தானே. ஆனா அவர்ட கையில மோதகம் ஈக்கி, பெயின்ட் விலை இல்லயே தம்பி. நான் எத வெச்சி யாவாரம் செய்ற?"

மணி பத்து இருபத்தெட்டு. படிக்கட்டில் மத்தியூ சேருடைய குரல் கேட்டது. இரவல் குத்துவிளக்கோடு முதலாளியையும் சேர்த்தே கூட்டி வந்திருந்தார். முதலாளிக்குப் பின்னால் பழத்தட்டு, பாற்சோறு, வாழையிலை. எல்லாரும் முன் அறையில் கதிரைகளை ஒதுக்கி விளக்கு வைக்க இடம் பிடித்தார்கள்.

திவாகரன் கதவைச் சாத்தினான். 'போச்சு, வேலை இல்லாமல் திரும்பத் தெல்தோட்டைதான்' என்று ஒரு நிமிடம் கண்ணை மூடினான். மூடின கண்ணுக்குள்ளும் பிள்ளையாரே வந்தார். ஆனால் இந்த முறை அவரைப் பார்த்துப் பயம் வரவில்லை. வேறு வழி தெரியாதவன் கடைசியில் யாரிடம் போவான்? அவரிடம்தானே. அப்படியானால் கடைசி வரிதான் அவருக்குரிய இடம். அது இறக்கம் ஒன்றும் இல்லை, காவல்.

எல்லாவற்றையும் அழித்தான். முதல் வரியிலிருந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வாய்விட்டு வாசித்தபடி எழுதினான். இந்தத் தளத்துக்கு மட்டும். மண்டபம் என்றால் மண்டபத்துக்கு. மாலை என்றால் மாலைக்கு. பலகாரம் என்றால் பலகாரத்துக்கு. வழி தவறி வருகிறவர் பிள்ளையாரிடம், முன்னுரிமை ஒன்று.

மண்டபத்தைத் தட்டினான். தூணும் தோரணமுமாய் மண்டபம் வந்தது. மாலைக்கு மாலை, பலகாரத்துக்கு லட்டு. மடவளையில் பெயின்ட் வாளிகள் விலையோடு வரிசையில் நின்றன. திவாகரனுக்கு எழுந்து ஆடலாம் போல இருந்தது. கதிரையைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று மட்டும் ஆடினான்.

பத்து நாற்பத்திரண்டு. முதலாளி விளக்கேற்றினார், மண்டபத்தைத் தட்டினார். மண்டபம் வந்தது. கைதட்டினார்கள்.

"பரவாயில்லயே, கை வச்ச உடனே வருது" என்று முதலாளி திவாகரனுடைய தோளில் தட்டினார். "எவ்வளவு சுத்தமா செஞ்சிருக்கான் பாருங்க, சேர்."

மத்தியூ சேர் லாச்சியை இழுத்தார். பேனையைத் திறந்தார். குத்துவிளக்கு வெளிச்சத்திலேயே கையெழுத்துப் போட்டு நீட்டினார். திவாகரன் இரண்டு கையாலும் வாங்கினான். வாங்கும்போது கண் கலங்கியது. அதை அவன் மறைக்கவும் இல்லை. ஒரு காலையில் மூன்று தடவை விழுந்து எழும்பினவனுக்கு அந்த ஒரு தாள் மலை போலக் கனத்தது.

வெளியே ஃபோன் அடித்து ஓய்ந்தது. பியட்றிஸ் அக்கா கொப்பியும் கையுமாக வந்து வாசலில் நின்றார்.

"முதலாளி, ஆவணி மாசத்து முகூர்த்தம் எல்லாம் முடிஞ்சிருச்சு. தையில இன்னும் ரெண்டு நாள் தான் மிச்சம்."

முதலாளி பாற்சோற்றைக் கீழே வைத்தார். "என்ன முடிஞ்சிருச்சு?"

"புக்கிங் தான். காலையில இருந்து பத்தொம்பது கல்யாணம். எதைத் தட்டினாலும் பிள்ளையாரே முன்னால வந்து நிக்கிறாராம். நடுவுல மண்டபத்தைத் தட்டினவங்களுக்கு மாலை வந்திச்சாம். இதுக்கு மேல என்ன சகுனம் வேணும், இதுவா ராசியில்லாத மண்டபம்னு அடிச்சுப் பிடிச்சுக் கேக்குறாங்க. நானும் இந்தத் தம்பிக்கிட்ட சொல்லத்தான் பாத்தேன்."

எல்லாரும் திவாகரனைப் பார்த்தார்கள். திவாகரன் கடிதத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தான்.

"ஒருத்தரும் குறை சொல்லல" என்றார் அக்கா. "இப்ப கடைசியா எடுத்த கஜலட்சுமி அம்மா மட்டும்தான், பிள்ளையாரைக் காணோம், உங்க சைட் பழுதாப் போச்சு, எப்ப திருத்துவீங்கன்னு லைன்ல நிக்கிறாங்க. ஒரு மணித்தியாலத்துல சரியாயிரும்னு சொல்லவா, தம்பி?"