பத்து மணி நேர வீம்பு

"சார், வெளிய போறீங்களா, உள்ளயே இருக்கீங்களா? வாசல மறைச்சுக்கிட்டு நிக்காதீங்க."

மதுரை விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவருகே நின்ற காவலர் மூன்றாவது முறையாகக் கேட்டார். லிங்கேஸ்வரன் தள்ளுவண்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"இங்கதான் இருப்பேன். ஏர்போர்ட்ட விட்டு ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன்" என்றான், யாரோ கையைப் பிடித்து இழுத்த மாதிரி.

லிங்கேஸ்வரன் இராஜபாளையத்துக்காரன். மில்களுக்கு மெஷின் மாட்டிக் கொடுக்கும் கம்பெனியில் ஃபிட்டர். கொழும்பில் ஒரு வேலையை முடித்துவிட்டு, அடுத்த வேலைக்கு ஐதராபாத் போய்க்கொண்டிருந்தான். காலை பதினோரு மணிக்கு மதுரையில் இறக்கிவிட்டார்கள். அடுத்த விமானம் இரவு ஒன்பதுக்கு. நடுவில் முழுசாகப் பத்து மணி நேரம். இப்படி ஒரு டிக்கெட்டைப் போட்ட புண்ணியவானை மனசுக்குள் வாயில் வந்தபடி வைதான்.

பத்து மணி நேரம் கிடைத்தால் எவனும் ஊருக்கு ஒரு எட்டுப் போய்வரத்தான் பார்ப்பான். அதுவும் அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் அவனுடைய ஒரே தங்கச்சி முத்துப்பேச்சியின் மகள் முனீஸ்வரிக்குக் காதுகுத்து. ரெண்டு மணியிலிருந்து நாலு மணிவரை நல்ல நேரம். காரில் போனால் ஒன்றரை மணி நேரம். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். அந்த மடியோ மதுரையில் சும்மா கிடந்தது.

காரணம், தங்கச்சி புருஷன் தங்கப்பாண்டியன். தாய்மாமனை ஒரு வார்த்தை கேட்காமல் தேதியைக் குறித்துவிட்டான். "மடி என்னுது, தேதி மட்டும் ஒன்னுதா மாப்ள? இனிமே ஸ்ரீவில்லிபுத்தூர் மண்ண மிதிச்சேன்னா என் பேர மாத்திக் கூப்பிடு" என்று லிங்கேஸ்வரன் ரெண்டு மாசத்துக்கு முன்பே கொழும்பிலிருந்து போனில் கத்தியிருந்தான்.

அதனால் போகக் கூடாது. ஆனால் சும்மா போகாமல் இருந்தால் மட்டும் போதுமா? கடல் தாண்டி இருப்பவன் வராமல் இருப்பது என்ன பெரிய காரியம்? கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு வராமல் இருப்பவன் அல்லவா மானஸ்தன்! அது அவர்களுக்குத் தெரியவும் வேண்டும். மதுரை என்ற பலகை பின்னால் தெரியும்படி, கையில் வடையோடு ஒரு செல்ஃபி எடுத்து, 'மதுரையில் மாமன். மானமே பெரிது' என்று வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தான்.

வடை தீருவதற்குள் முத்துப்பேச்சி கூப்பிட்டுவிட்டாள்.

"அண்ணே, மதுரையிலயா இருக்க? ஒரு காரப் பிடிச்சு வந்துரு. பிள்ள மாமா எங்க, மாமா எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கா."

லிங்கேஸ்வரனுக்கு நெஞ்சு இளகிவிட்டது. அவன் சட்டைப் பையில் ஒரு ஜோடித் தங்கத் தோடு இருந்தது. கொழும்பில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியது. அந்தப் பிள்ளை பிறந்த அன்றே இந்த நாளைப் பற்றிக் கனவு கண்டவன் அவன். போக வேண்டும் என்று உடம்பெல்லாம் பறந்தது. ஆனால் சொன்ன சொல்?

"எனக்கும் ஆசைதான் தாயி. ஏர்போர்ட் ரூலு விட மாட்டேங்கு. வெளிய போனா திரும்ப உள்ள சேக்க மாட்டாவளாம்."

"யார் சார் சொன்னா?" காவலர் உரக்கக் குறுக்கிட்டார். "டிக்கெட் இருக்குல்ல? தாராளமாப் போயிட்டு வாங்க."

"அண்ணே, அவிய விடுவாவளாமே?" என்றாள் முத்துப்பேச்சி.

"அது வந்து... கால் சுளுக்கிருச்சுட்டி. ஒரு எட்டு வைக்க முடியல" என்று சொல்லிப் போனை வைத்தான்.

காவலர் நல்ல மனுஷர். வினையே அங்கேதான். "முதல்லயே சொல்லக் கூடாதா சார்?" என்று வாக்கி-டாக்கியில் பேசினார். ரெண்டே நிமிடத்தில் ஒரு சக்கர நாற்காலி வந்து சேர்ந்தது.

"ஐயையோ, இதெல்லாம் வேணாம் சார்."

"கால் வலியோட நிக்கக் கூடாது சார். உக்காருங்க. எந்தக் கால்?"

எந்தக் கால் என்று லிங்கேஸ்வரன் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. "ரெண்டும்" என்றான்.

அதன் பிறகு அவன் பட்டபாடு கொஞ்சமல்ல. காப்பி குடிக்க எழுந்தால் காப்பி வந்தது. கழிப்பறைக்கு எழுந்தால் நாற்காலியோடு தள்ளிக்கொண்டு போய்க் கதவுவரைக்கும் விட்டு, வெளியே காத்து நின்றார்கள். கல்லு மாதிரி இரண்டு காலை வைத்துக்கொண்டு ரெண்டு மணிவரை ஊனமாக உட்கார்ந்திருந்தான்.

மறுபடியும் போன்.

"அண்ணே, காலு வலியோட நீ அலைய வேணாம். மம்சாபுரத்துக் கருத்தப்பாண்டி அண்ணன் இருக்காவல்லா? சித்தப்பா மகன்னா அவியளும் பிள்ளைக்கு மாமன்தானே. அவிய மடியில உக்கார வச்சுக்கிடுதோம்."

கருத்தப்பாண்டி! சின்ன வயதில் லிங்கேஸ்வரனின் புது சைக்கிளை ஒரு ரவுண்டுக்கு வாங்கிப்போய், மணி இல்லாமல் கொண்டுவந்து விட்டவன். அவன் மடியிலா?

லிங்கேஸ்வரன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து வாசலை நோக்கி நாலு எட்டுப் பாய்ந்தான்.

"சார்! கால்!" என்று காவலர் அலறினார்.

ஐந்தாவது எட்டை நொண்டி, திரும்பி வந்து உட்கார்ந்தான். "வெளிய தள்ளுங்க சார். ஒரு டாக்ஸி வேணும். ஸ்ரீவில்லிபுத்தூர் போகணும்."

"ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன்னீங்களே?"

"நான் எங்க சார் வைக்கேன்? சக்கரந்தானே உருளுது?"

கதவு திறந்தது. நாற்காலி வெளியே உருண்டதும் ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு வேன் வந்து குறுக்கே நின்றது. தேங்காய் பழத் தட்டோடு முத்துப்பேச்சி, காது குத்தும் ஆசாரி, மாலையோடு தங்கப்பாண்டியன் எல்லாரும் இறங்கினார்கள். பட்டுப்பாவாடையில் முனீஸ்வரிக்குட்டி ஓடிவந்து நேரே மடியில் ஏறிக்கொண்டாள்.

"மாமா, இந்த வண்டி ஒனக்கா?"

"ஒன் ஸ்டேட்டஸப் பாத்ததும் பொறப்பட்டுட்டோம்ணே" என்று முத்துப்பேச்சி மூச்சு வாங்கினாள்.

"நீங்க வர மாட்டீய மச்சான். அதான் நாங்களே வந்துட்டோம்" என்று தங்கப்பாண்டியன் மாலையைப் போட்டான். கருத்தப்பாண்டி கண்ணிலேயே படவில்லை. ஆசாரி அங்கேயே ஊசியை எடுத்து வேலையைத் தொடங்கிவிட்டார்.

"இங்க வண்டி நிக்கக் கூடாது! எடுங்க, எடுங்க!" என்று காவலர் விசில் ஊதினார்.

"செத்த நேரம் பொறுங்க சார்" என்றார் ஆசாரி. "ஒரு காது முடிஞ்சிருச்சு. ஒத்தக் காதோடயா பிள்ளையக் கூட்டிட்டுப் போக?"

காவலர் திரும்பிப் பின்னால் வந்த கார்களை ஒதுக்கிவிட்டார். பிள்ளை வீரிட்டு அழுதாள். அவளைவிட அதிகமாக லிங்கேஸ்வரன் அழுதான். சந்தோஷத்தில் அழுதான். கொழும்புத் தோட்டைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தான்.

எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது, வேன் ஓட்டிவந்த ஐயாதுரை பக்கத்தில் வந்து நின்றான். இராஜபாளையத்தில் ஒரு டிராவல்ஸில் டிரைவர். லிங்கேஸ்வரன் மாலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"பாத்தியாலே ஐயாதுரை? ஸ்ரீவில்லிபுத்தூர் மண்ண மிதிக்கல. சொன்ன சொல்லுல மாறல. விசேஷ வீடே எந்திரிச்சு என்னத் தேடி வந்துருக்கு. யார் வீம்புலே ஜெயிச்சுது?"

"நீங்கதாண்ணே" என்றான் ஐயாதுரை. "ஒங்க கம்பெனிக்கு டிக்கெட் போடுறதும் எங்க டிராவல்ஸ்தானே? நேரா ஐதராபாத்து போற பிளைட்டு வேணாம்னு சொல்லி, ஒங்களுக்கு மதுரையில பத்து மணி நேரம், அவியளுக்கு ஏர்போர்ட்டுக்கு ஒரு வேன், ரெண்டையும் போன மாசம் முத்துப்பேச்சி அக்காதான் வந்து ஒண்ணா புக் பண்ணிட்டுப் போனாவ."