பதினோரு பேருக்கு அளவு

வெள்ளிக்கிழமை மத்தியானம் டெய்லர் ஒரு முடிவுக்கு வந்தார். கத்தரிக்கோலை மேசைமேல் டொக்கென்று வைத்தார். கடையில் வேறு யாரும் இல்லை. தையல் மெஷின்தான் இருந்தது. அதனிடமே அறிவித்தார்.

“இந்த ஞாயித்துக்கிழமை நான் மேட்ச் ஆடப் போறேன். எவ தடுத்தாலும் போறேன்!”

‘எவ’ என்று வாய் சொன்னதும் கண் தானாக வாசல் பக்கம் போய்த் திரும்பியது. அங்கே யாரும் இல்லை. தைரியம் வந்து, இன்னொரு தரம் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

அவர் கொதிப்பிலும் நியாயம் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஞாயிறு தவறாமல் நண்பர்கள் வேனில் ஏறி ஏரிக்கரை மைதானத்துக்குப் போவார்கள். டென்னிஸ் பந்தில் ஒரு மேட்ச், மரத்தடியில் கட்டுச்சாப்பாடு, அப்புறம் ஏரியில் ஒரு முங்கல். டீமின் பதினோரு ஜெர்சியையும் தைத்தவர் நம்ம டெய்லர்தான். பத்து ஜெர்சி சேறும் வியர்வையும் பார்த்துவிட்டது. அவருடைய ஏழாம் நம்பர் மட்டும் மடிப்புக்கூடக் கலையாமல் கடை அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது.

கேப்டன் பேக்கரிக்காரர். அவர் வாரா வாரம் “வர்றியாடா?” என்று கேட்பார். இவர் வாரா வாரம் “வீட்ல கேட்டுச் சொல்றேன்” என்பார். கேட்பதும் உண்டு. திரும்ப வந்து சொன்னதுதான் கிடையாது. சொல்ல என்ன இருக்கிறது? கடைசியில் அதுவே பட்டப்பெயராகிவிட்டது. கடைக்கு வழி விசாரிப்பவர்களிடம்கூடப் பேக்கரிக்காரர், “நம்ம கேட்டுச்சொல்றேன் கடையா? நேராப் போய் லெஃப்ட்டுல திரும்புங்க” என்று கை காட்டிவிடுவார்.

இந்த வாரம் அவர் கறாராகச் சொல்லிவிட்டார். “மாப்ள, இதுதான் கடைசி. இந்த ஞாயிறு வரலைன்னா ஏழாம் நம்பரை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். பேரும் உனக்கு அதேதான், சாகுற வரைக்கும்.”

இந்த மாசம் வீட்டில் தடையாக நின்றது ஜன்னல். மொத்தம் ஒன்பது ஜன்னல், ஜன்னலுக்குப் பன்னிரண்டு கம்பி. உப்புத்தாள் வைத்துத் துருவைத் தேய்த்து, துடைத்து, பெயிண்ட் அடிக்க வேண்டும். மூன்று ஞாயிறில் மூன்று ஜன்னல் முடிந்திருந்தது. உத்தரவு போட்டவர் அவர் மனைவி, பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். நானூறு பிள்ளைகளை ஒரே விசிலில் ஆடாமல் நிறுத்துகிறவர். வீட்டில் இருப்பது ஒரே ஆள்தானே, அதற்கு விசில் எதற்கு? புருவமே போதும்.

சனிக்கிழமை சாயங்காலம் டெய்லர் திட்டத்தை அவிழ்த்துவிட்டார்.

“ஏம்மா, நாளைக்கு ஒரு அவசர வேலை. ஒரு கம்பெனிக்கு யூனிஃபார்ம் தைக்கணும். நேர்ல போய் அளவு எடுக்கணுமாம்.”

“ஞாயித்துக்கிழமை கம்பெனி திறந்திருக்குமா?”

“அளவு எடுக்கறதுக்குன்னே திறக்கறாங்க.”

“எத்தனை பேருக்கு?”

ஏழு என்று சொல்லியிருக்கலாம். இருபது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு வாரமாக மனுஷன் மண்டைக்குள் ஒரே ஒரு எண்தான் ஓடிக்கொண்டிருந்தது.

“பதினோரு பேருக்கு.”

“பதினொண்ணா?”

“கரெக்டா பதினொண்ணு.”

“பன்னிரண்டாவதா ஒருத்தரும் இல்லையா? நடுவுல யாருக்காவது அடிகிடி பட்டா வேணுமே.”

“இல்லையே, எங்க டீ… அவங்க கம்பெனில அவ்வளவு பேர்தான்.”

“சரி, போயிட்டு வாங்க. பத்திரம்.”

அவ்வளவுதான்! இவ்வளவு சுலபமா! இத்தனை வருஷம் இதற்கா பயந்து செத்தோம் என்று டெய்லருக்கே வெட்கமாகிவிட்டது. மறுநாள் காலையில் வெள்ளை ஷூவைத் துணிப்பையின் அடியில் போட்டு, மேலே நாலு மாதிரித் துணியை அடுக்கிக்கொண்டு, சீட்டியடித்தபடி படி இறங்கினார். வேனில் ஏறியதும் சட்டையைக் கழற்றினார். உள்ளே ஏழாம் நம்பர்! வேனே அதிர்ந்தது.

“டேய், கேட்டுச்சொல்றேன் வந்துட்டான்டா!”

“யார்கிட்டயும் கேக்கல!” என்று மார்தட்டினார் டெய்லர். “கேக்கற பழக்கத்தையே விட்டாச்சு. ஆம்பளைன்னா ஒரு வார்த்தைதான். போறேன்னு சொன்னேன், வந்துட்டேன்.”

மைதானத்தில் ஸ்டம்ப் நடும் வேலையையும் தானே இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்தப் பக்கம் மூன்று, இந்தப் பக்கம் மூன்று. “அளக்க வேண்டாமா?” என்று மருந்துக்கடைக்காரர் கேட்டதற்கு, “பதினேழு வருஷ டெய்லர்டா நான். என் கண்ணே டேப்” என்றார். எதிர் டீம் கேப்டன் ஒரு லாரி மெக்கானிக். அவர் பிட்ச்சைப் பார்த்ததுமே முகத்தைச் சுளித்தார்.

“சார், இது சின்னதா இருக்கே. அறுபத்தாறு அடி இருக்கணும். அளந்து காட்டுங்க, அப்புறம் ஆடலாம்.”

“அதுக்கென்ன, எங்க டெய்லர் இருக்காரே! எடு மாப்ள டேப்பை” என்றார் பேக்கரிக்காரர்.

டெய்லர் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனார். பதினேழு வருஷமாக அந்தக் கழுத்தில் தொங்கும் டேப் இன்று இல்லை. ஜெர்சி போடும் ஆசையில், வீட்டு ஆணியில் மாட்டியபடியே விட்டுவிட்டு வந்திருக்கிறார். அளவு எடுக்கப் போகிறேன் என்று சொன்ன ஆள், அளவு நாடா இல்லாமல் கிளம்பி வந்திருக்கிறார்! அந்த நேரம் பார்த்து மைதானத்து ஓரத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது.

டீச்சர்தான். விரலில் டேப்பைச் சுருட்டிக்கொண்டே நடந்து வந்தார்.

“டேப்பை விட்டுட்டு வந்துட்டீங்களே, பாவம், பதினோரு பேருக்கும் எப்படி அளவு எடுப்பீங்கன்னு மனசு கேக்கல. கொண்டு வந்தேன்.”

வேனில் மார்தட்டிய மார்பு அரை இஞ்ச் உள்ளே போனது. ஆனாலும் டெய்லர் அசரவில்லை. “ஆமா, மேட்ச்சுதான் ஆட வந்தேன். இப்ப என்னங்கற?” என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. நண்பர்கள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள்.

“ஒண்ணும்ங்கல. அந்த நுனியைப் பிடிங்க” என்றார் டீச்சர்.

பிடித்தார். டேப்பை மடக்கி மடக்கிப் பிட்ச் முழுவதையும் அளந்தார்கள். பதிமூன்று டேப் நீளமும் இன்னொரு அடியும் வந்திருக்க வேண்டும். பன்னிரண்டு டேப்பும் நாலு அடியும்தான் வந்தது.

“ரெண்டு அடி குறையுது. யாரு நட்டது?”

பத்து விரல் ஒரே ஆளைக் காட்டின. டீச்சர் பெருமூச்சு விட்டார். “போன மாசம் எனக்குத் தைச்ச சுடிதாரும் இதே கதைதான்.”

மெக்கானிக் ஒரு அடி முன்னே வந்தார். “டீச்சர், நீங்களே அம்பயரா நில்லுங்களேன்.”

டெய்லர் பதறினார். “அது எப்படி? அவ என் பொண்டாட்டி. நாளைக்கு நீங்கதான் ஓரவஞ்சனைன்னு சொல்லுவீங்க.”

“உங்க பொண்டாட்டிங்கறதாலதான் சார் நம்பிக் கேக்கறோம்” என்றார் மெக்கானிக்.

வீறாப்போடு மட்டை பிடித்தார் டெய்லர். முதல் பந்து சும்மா போனது. இரண்டாவது பந்தை வீசி அடித்தார் பாருங்கள், வேலி தாண்டாத குறை! நாலு ரன்! அடுத்ததும் நாலு! உண்மையாகவே நன்றாக ஆடினார், மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. நாலாவது பந்தைத் தட்டிவிட்டு ஒரு ரன் ஓடினார். ஓடுகிற ஓட்டத்தில் ஒரு ஆசை: வீட்டுக்காரி பார்க்கிறாளா? கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்று, மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு டீச்சரைப் பார்த்துச் சிரித்தார். டீச்சரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டம்ப் சரிந்தது. டீச்சர் விரலைத் தூக்கினார்.

“கோட்டைத் தாண்டிட்டுச் சிரிச்சிருக்கலாம்ல?”

எட்டு ரன். டீம் தோற்றது. ஆளுக்கொரு மூலையில் நாக்குத் தள்ளிக் கிடந்தபோது பேக்கரிக்காரர்தான் கேட்டார். “டீச்சர், எங்களுக்கு ஓடவும் தெரியல, நிக்கவும் தெரியல. நீங்க கோச்சா வந்தா நல்லாருக்கும். ஞாயித்துக்கிழமை மட்டும் போதும்.”

டீச்சர் தலை குனிந்தார். “வீட்ல ஒருத்தரைக் கேக்கணுமே.”

கேட்டீர்களா! இருபது பேர் முன்னால், பேக்கரிக்காரர் முன்னால், டெய்லரிடம் கேட்க வேண்டுமாம்! கல்யாணமான நாளிலிருந்து அவர் காதில் விழாத வார்த்தை. டெய்லர் எழுந்து நின்றார். ஜெர்சியை இழுத்துவிட்டுக்கொண்டார். கையை உயர்த்தி அருள்பாலித்தார்.

“போம்மா, தாராளமாப் போ. என் பூரண சம்மதம். நான் ஒரு வார்த்தை சொன்னா சொன்னதுதான்.”

டீச்சர் கைப்பையிலிருந்து விசிலை எடுத்தார். அது எப்படிக் கைப்பைக்குள் தயாராக இருந்தது என்று டெய்லர் அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. விசில் ஒலித்தது. எல்லாரும் மைதானத்தை இரண்டு சுற்று ஓடினார்கள். டெய்லர் ஒன்றரைச் சுற்றில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் டீச்சர் போட்ட டீம் லிஸ்ட் வந்தது. டெய்லர் மேலிருந்து கீழே படித்தார். கீழிருந்து மேலே படித்தார்.

“என் பேரைக் காணோமே?”

“ஃபிட்னெஸ் பத்தாது. தோள்ல வலுவே இல்ல. ஆறு ஜன்னல் பாக்கி இருக்கு பாருங்க, கம்பி தேய்ச்சா தோளுக்கு ரொம்ப நல்லது. அப்புறம், அந்த ஏழாம் நம்பர் ஜெர்சி சும்மாதானே கிடக்கு? எனக்கு இடுப்புல ரெண்டு இஞ்ச் பிடிச்சுக் குடுங்க.”

“முடியாது! இது அநியாயம். நான் போகத்தான் போறேன்!”

“நீங்கதானே பூரண சம்மதம்னீங்க? உங்க வார்த்தையை நீங்களே மாத்துனா, பேக்கரிக்கார அண்ணன் என்ன நினைப்பாரு?”

இரண்டு இஞ்ச் பிடித்துக் கொடுத்தார். இந்தத் தடவை அளவு கச்சிதமாக இருந்தது.

ஞாயிறு காலை வேன் வாசலில் நின்றது. ஏழாம் நம்பர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தது. நாலாவது ஜன்னலின் கம்பிகளுக்குப் பின்னால் டெய்லர், கையில் உப்புத்தாள், மூக்கில் பச்சைப் பெயிண்ட். நெஞ்சு கொதித்தது. உப்புத்தாளை வீசி எறிந்துவிட்டு, வேனுக்குக் குறுக்கே போய் நின்று, நாலு கேள்வி நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டுவிட வேண்டும் என்று ஒரு கால் எடுத்தும் வைத்துவிட்டார். முன்சீட்டில் ஒரு புருவம் லேசாக ஏறியது. கால் தானாகப் பழைய இடத்துக்கு வந்தது.

பேக்கரிக்காரர் வேனுக்கு வெளியே தலையை நீட்டினார்.

“மாப்ள, அடுத்த வாரமாவது வர்றியாடா?”

டெய்லர் இரண்டு கம்பியைப் பிடித்துக்கொண்டு, முன்சீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெல்லச் சொன்னார்.

“கேட்டுச் சொல்றேன்.”