கை தூக்கினால்தான் பனி

மேகங்களுக்கும் ஜனநாயகம் வழங்கிய ஒரே இடம் இந்தப் பூமியில் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்துப் புரோக்கன்ஹார்ன் பள்ளத்தாக்குதான். மலைமேல் போகிற மேகத்தை அங்கே யாரும் சட்டென்று மறித்துப் பனி கேட்டுவிட முடியாது. 'ஆற்றுப்படுகைக் குளிர்காலப் பனிப்பெருக்கக் குழு' நேரில் கூடி, கை தூக்கித் தீர்மானம் போட வேண்டும். அதுவும் ஒவ்வொரு பனிப்புயலுக்கும் தனித்தனியாக!

பனி கூடுதலாகக் கொட்டுவதற்காகச் சில்வர் அயோடைடை எரித்து மேகத்துக்குப் புகை அனுப்பும் அடுப்பு, மாட்டுப் பண்ணைக்காரி ஆர்டிஸ் ஹோம்குவிஸ்ட்டின் மேய்ச்சல் நிலத்தில் வருஷக்கணக்காகத் தயாராக நின்றது. சாவி மட்டும் குழுத் தலைவர் லைல் பிராகெட்டின் சட்டைப்பையில். ஒருமுறைகூட அடுப்பு எரியவில்லை. அதற்காகக் குழுவைக் குறை சொல்வது பாவம். மேகம் வந்தால் பனி விழுந்து சாலை அடைபடும், ஓட்டெடுப்புக்கு வேண்டிய குறைந்தபட்ச ஆள்கணக்கான 'கோரம்' சேராது. சாலை திறந்து கோரம் சேர்ந்தால், வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும்.

நஷ்டம் ஆர்டிஸுக்குத்தான். மலையில் பனி குவிந்தால்தான் ஜூலையில் அவள் வாய்க்காலில் தண்ணீர். இந்தக் கோடையும் தீவனப்புல் காய்ந்தால் மாடுகளை ஏலம் விட வேண்டியதுதான்.

"போன்லயே ஓட்டுப் போட்டுத் தொலைங்களேன்!" என்றாள்.

"போன்ல கை தூக்கினா எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் லைல்.

நியாயம்தானே! ஆர்டிஸ் வேறு வழி பார்த்தாள். புயல் வரப்போகிற நாளாகப் பார்த்து, தன் வீட்டில் சில்லி என்கிற காரமான இறைச்சிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் தயார் என்று சொல்லி அனுப்பினாள். முதல் பனி விழுமுன் மொத்தக் குழுவும் ஆஜர். பிறகு கொட்டியது பாருங்கள், சாலையே காணோம்.

"தலைவரே, மேகம் மேல நிக்குது, கோரம் கீழ உக்காந்திருக்கு. தூக்குங்க கைய!"

லைல் மீசையில் ஒட்டிய சில்லியைத் துடைத்தார். "அடுப்பை ஏத்தினா என்ன ஆகும்?"

"பனி கூடும்."

"இன்னுமா?" என்று அலறினார் செயலாளர் டெல்பர்ட். "என் பிக்கப் வண்டி ஏற்கெனவே கதவு வரைக்கும் புதைஞ்சு கெடக்கு!"

"அடப்பாவிங்களா, இதுக்குத்தானய்யா குழுவே வெச்சிருக்கோம்!"

"அவசரப்படாத ஆர்டிஸ். மொதல்ல இந்தப் பனி நிக்கட்டும். எல்லாரும் பத்திரமா வீடு போய்ச் சேரட்டும். அப்புறமா பனிய வரவழைப்போம்" என்றார் லைல்.

ஆர்டிஸின் கையைத் தவிர எல்லாக் கைகளும் எழுந்தன. குழுவின் சரித்திரத்திலேயே நிறைவேறிய முதல் தீர்மானம் அதுதான். இரண்டாவது தீர்மானம், ரொட்டிக்கு நன்றி. ஆர்டிஸ் கரண்டியைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் எறிந்தாள்.

விடிந்தபோது மேகம் மலை தாண்டிப் போயிருந்தது. சாலை திறந்ததும் எல்லோரும் கிளம்பிப் போனார்கள்.

ஜூலையில் வாய்க்கால் வறண்டு வெடித்துக் கிடந்தது. மாட்டு ஏலத்துக்கு ஒருவர் பாக்கியில்லாமல் குழுவினர் வந்திருந்தார்கள். ஆர்டிஸின் சிவப்புப் பசுக்கள் ஒவ்வொன்றாகக் கைமாறின.

லைல் தொப்பியைக் கழற்றினார். "என்ன பண்றது ஆர்டிஸ், மேகம் நமக்கு ஒத்துழைக்கல."

"மேகம் வந்துச்சு லைல். என் கூரை மேலயே நின்னுச்சு. நீங்கதான் வீட்டுக்குப் போகணும்னு கை தூக்கினீங்க."